ஏட்டுப் பத்தியமும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எழுத்தறியாத மூதாட்டியும் சொல்லக் கேட்ட பழமொழி. சோற்றையும் கறியையுமே தனது பொருளாகக் கொண்ட ஒரு சாஸ்திரத்திற்கு அப்பழமொழி எவ்வளவு பொருந்தும் என்பதை நமது சர்வகலாசாலைகளும், ஆஸ்பத்திரிகளும், அரசாங்கத்தாரும் இன்னும் செவ்வையாக உணர்ந்தார்களில்லை. டயட்டீஷியன் என்று ஜனங்கள் அழைக்கும் உணவியல் நிபுணர்களைப் பற்றியே பேசுகின்றோம். ஆண்டுதோறும் நமது கலாசாலைகளிலிருந்து இத்துறையில் பட்டம் பெற்று வெளிவருவோர் பலர். அவர்களிற் பெரும்பாலார் பெண்கள். பட்டம் பெற்றபின் அவர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலருகே நின்று தொழில் பழகவேண்டும். அப்பழக்கத்திற்குரிய இன்டர்ன்ஷிப் என்னும் பயிற்சி, நமது நாட்டில் யாருக்கு, எங்கே, எவ்விதம், யார் செலவில் கிடைக்கின்றது என்னும் கேள்வியை இன்று நமது வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

இது ஒரு சிறு கூட்டத்தாரின் உத்தியோகப் பிரச்னைதானே என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பெருந்தவறு. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிக்கு மருந்து எத்தனை வேளையோ அத்தனை வேளை உணவும் உண்டு. மருந்தை எழுதிக் கொடுக்க வைத்தியர் இருக்கின்றார். அளந்து கொடுக்க நர்ஸ் இருக்கின்றார். கலந்து கொடுக்க மருந்தாளுநர் இருக்கின்றார். அம்மூவருக்கும் சட்டம் உண்டு, பதிவு உண்டு, கட்டாயப் பயிற்சி உண்டு. உணவுக்குப் பொறுப்பாளி யார்? பல ஆஸ்பத்திரிகளில் சமையற்கட்டுக் கண்டிராக்டரே பொறுப்பாளி. வேறு பலவற்றில், வீட்டிலிருந்து தூக்குப் பாத்திரம் கொண்டுவரும் உறவினரே பொறுப்பாளி. திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதிற் பாதிக்கு மேற்பட்ட குறள்களில் மருந்தைப் பேசாது உணவின் அளவையே பேசினார். அவர் பிறந்த நாட்டில், உணவை அளந்து கொடுக்க ஆளில்லாத ஆஸ்பத்திரி இருப்பது நமக்குப் பெருமையாகாது.

நோயின் நிலையைச் சிறிது நோக்குவோம். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்றும், அந்நோயின் வாசற்படியில் நிற்போர் 13 கோடிக்கு மேற்பட்டவர் என்றும் கணித்தது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகையுடையவர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 35 பேருக்குமேல் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலோ, நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 100க்கு 56 பங்குக்குமேல் தகாத உணவினால் விளைவது என்று மதிப்பிட்டிருக்கின்றது. ஒருபுறம் மிகையுணவால் நோய். மறுபுறம் குறையுணவால் நோய். சிலவேளை ஒரே வீட்டில் இரண்டும். இந்நிலையில் உணவை அறிந்தவரைத் தக்கபடி தயார் செய்வது ஆடம்பரமன்று, அத்தியாவசியம்.

தயார் செய்வதற்கு வகுப்பறை போதாதா? போதாது என்பதற்குச் சில உதாரணங்கள் கூறுவோம். சிறுநீரகம் கெட்ட நோயாளிக்குப் பொட்டாசியம் என்னும் உப்பு இரத்தத்தில் தேங்கினால் இருதயம் நின்றுவிடக்கூடும் என்பது பாடப் புஸ்தகத்தில் இருக்கின்றது. பரீட்சையில் அதை எழுதாத மாணவியில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்கவரும் மைத்துனர், உடம்புக்குக் குளிர்ச்சி என்று அன்போடு இரண்டு இளநீரைச் சீவி எடுத்து வருகின்றார் என்பதும், அவ்விளநீரில் அந்த உப்பே மிகுந்திருக்கின்றது என்பதும், அவர் மனம் நோகாமல் அதைத் தடுக்கவேண்டும் என்பதும் வார்டிலே நின்றவளுக்குத்தான் தெரியும். காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிட்டால் உப்புக் குறையும் என்று புஸ்தகம் சொல்லும். அவ்வாறு வடித்த காயை ஒரு வாரமாவது நோயாளி தின்னும்படி தாளித்துத் தருவது எப்படி என்று புஸ்தகம் சொல்வதில்லை. இரத்தக் கொதிப்புக்கு நல்லதென்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியமே சேர்க்கப்பட்டிருக்கக்கூடும் என்பதையும், ஆகையால் ஒருவருக்கு நன்மையானது அடுத்த கட்டிற்காரருக்கு நஞ்சாகலாம் என்பதையும், நேரில் கண்டவர் மறக்கமாட்டார்.

இன்னொன்று. நெடுநாள் பட்டினியால் எலும்புந் தோலுமாக வந்து சேர்ந்தவனுக்கு வயிறார உணவு கொடுப்பதே தர்மம் என்று நாம் எல்லோரும் எண்ணுவோம். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்கு அவ்வாறே இரங்கி உணவு கொடுத்தார்கள். அவர்களிற் சிலர் உண்டபின் மடிந்தனர். பட்டினியில் ஒடுங்கிய உடலுக்குத் திடீரென மாவுப்பொருள் மிகுதியாகச் சென்றால், இன்ஸுலின் பெருகி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் விரைந்து புகுந்துவிட, இருதயமும் சுவாசமும் தளர்கின்றன. ஆதலின் சிறிதளவில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்து உணவை உயர்த்தவேண்டும். இன்றும் நமது ஆஸ்பத்திரிகளில் காசநோயால் மெலிந்து வருபவரும், குடியால் கெட்டவரும், தொண்டையில் புற்றுநோய் கண்டு விழுங்கமுடியாதவரும் இந்த அபாயத்தின் விளிம்பிலேயே இருக்கின்றார்கள். மூக்குக் குழாய் வழியே உணவு செலுத்தும்போது எத்தனை மில்லிலிட்டரில் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை, தேர்ந்தவர் செய்யக் கண்டு, பிறகு அவர் மேற்பார்வையில் தான் செய்து பழகாத ஒருவரிடம் ஒப்புவிக்கலாமா?

காசநோயைக் குறிப்பிட்டோம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியில், காசநோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்கள் வழங்கியதால், அவர்களிடையே அந்நோய் புதிதாகத் தோன்றுவது 100க்கு 39 பங்கு குறைந்தது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் தடுப்பு மருந்தின் வேலையைச் செய்தன. நமது தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும், நோயாளியின் எடையையும் பலத்தையும் முதலிலேயே அளந்து, மிகவும் மெலிந்தவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும் என்னும் கொள்கையின்மீது நிற்பது. மத்திய அரசாங்கத்தார் காசநோயாளிக்கு 2018 முதல் கொடுத்துவந்த மாதம் 500 ரூபாயை 2024 நவம்பரில் 1,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மிகவும் நன்று. ஆனால் மெலிந்தவனை அளப்பதற்கும், அப்பணத்தில் முட்டையும் கடலையும் எவ்வளவு வாங்கவேண்டும் என்று சொல்வதற்கும் ஒருவர் வேண்டாமா?

ஆஸ்பத்திரியிலேயே நோயாளி பட்டினி கிடக்கின்றான் என்றால் நம்புதற்கரிதாகத் தோன்றும். 1974இல் சார்லஸ் பட்டர்வொர்த் என்னும் அமெரிக்க வைத்தியர் இவ்விஷயத்தை வெளிப்படையாக எழுதித் தமது தொழிலாரையே திடுக்கிடச் செய்தார். நோயாளியின் உயரத்தையும் எடையையும் யாரும் குறிப்பதில்லை, பரிசோதனைக்காக ஒருவேளை, ஆபரேஷனுக்காக ஒருவேளை என்று உணவு நிறுத்தப்படுகின்றது, ஈடு செய்வாரில்லை, வெறும் குளுகோஸ் நீரில் நாட்கள் கழிகின்றன, தட்டு நிறையச் சென்ற உணவு அப்படியே திரும்பியதா என்று பார்ப்பாரில்லை. இவையே அவர் எடுத்துக்காட்டிய குறைகள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நமது வாசகர்களில் உறவினருக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்கள், இவற்றுள் எவை இன்று மறைந்துவிட்டன என்று தாமே சொல்லட்டும். திரும்பிவரும் தட்டைப் பார்ப்பதே உணவியல் பயிற்சியின் முதற்பாடம். அப்பாடம் எந்தச் சர்வகலாசாலையின் கரும்பலகையிலும் இல்லை.

இத்தொழில் எவ்வாறு பிறந்தது என்பதைப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். 1921, 1922ஆம் ஆண்டுகளில் இன்ஸுலின் கண்டுபிடிக்கப்பட்டபோது, ஊசியின் அளவுக்கேற்ப உணவையும் நிறுத்துக் கொடுக்கவேண்டிய அவசியம் உண்டாயிற்று. 1924இல் எடின்பரோ ராயல் ஆஸ்பத்திரியில் உணவியல் பகுதியைத் தொடங்கியவர் ரூத் பைபஸ் என்னும் நர்ஸ். வார்டிலே நின்றவரே அங்கே முதல் உணவியல் நிபுணரானார். அமெரிக்காவில் 1917இல் க்ளீவ்லாண்டு நகரில் இத்தொழிலார் தமக்கென ஒரு சங்கம் கண்டார்கள். சில ஆண்டுகளிலேயே ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு ஒரு திட்டமும் வகுத்தார்கள். இன்று அந்நாட்டில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் தொழில் பழகாதவர் பதிவுப் பரீட்சைக்கு உட்காரமுடியாது. 2024 ஜனவரி முதல் முதுகலைப் பட்டமும் கட்டாயமாயிற்று. பிரிட்டனில் டயட்டீஷியன் என்னும் பெயரே சட்டத்தின் காவலில் இருக்கின்றது. பதிவு பெறாதவர் அப்பெயரை வைத்துக்கொள்வது குற்றம்.

நமது நாடு இத்துறையில் பிறரைப் பார்த்துக் கற்கவேண்டிய நாடு என்று எண்ணவேண்டாம். 1918இல் நமது நீலகிரியில், குன்னூரில், ராபர்ட் மக்காரிஸன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிச் சாலையே பின்னர் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. பாரதத்தின் பற்பல பகுதி ஜனங்கள் உண்ணும் உணவை எலிகளுக்குக் கொடுத்து, பஞ்சாபியரின் கோதுமையும் பாலும் உண்ட எலிகள் தழைத்ததையும், தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை மெலிந்ததையும் மக்காரிஸன் காட்டியது இந்தக் குன்னூரிலேதான். 1937இல் அய்க்ராய்டு நமது நாட்டு உணவுகளின் சத்துக்களை அட்டவணையிட்டு வெளியிட்டதும் அங்கிருந்தே. சேலத்தில் பிறந்த டாக்டர் கோபாலன் அந்நிறுவனத்தைத் தலைமை தாங்கி உலகறியச் செய்தார். 1957இல் கோயமுத்தூரில் ஸ்ரீ அவிநாசிலிங்கம் நிறுவிய மனையியல் கலாசாலை, டாக்டர் ராஜம்மாள் தேவதாஸின் தலைமையில் இக்கல்வியை நமது பெண்களிடம் கொண்டு சேர்த்தது. ஆராய்ச்சியில் நூறாண்டு மூத்தவர்கள் நாம். ஆராய்ந்ததைக் கட்டிலருகே கொண்டுசெல்லும் கைகளைப் பழக்குவதிலேயே பின்தங்கினோம்.

இப்பொழுதுள்ள நிலை யாது? 1963இல் ஏற்பட்ட இந்திய டயட்டெடிக் சங்கம், தனது பதிவுப் பரீட்சைக்கு வருவோர் ஆஸ்பத்திரிப் பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும் என்று விதித்திருக்கின்றது. ஆயினும் அது தொழிலார் தாமே அமைத்துக்கொண்ட சங்கம். அதற்குச் சட்டத்தின் வலிமை கிடையாது. சட்டம் 2021இல்தான் வந்தது. தேசியத் துணைமருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழிலாளர் கமிஷன் சட்டம் உணவியல் நிபுணரைத் தனது அட்டவணையில் சேர்த்து, பதிவேட்டில் பெயரில்லாதவர் இத்தொழிலைச் செய்யலாகாது என்று கூறுகின்றது. சட்டம் செய்தவர்கள் அதை நடத்துவதில் விரைவு காட்டவில்லை. ராஜ்யங்கள் கவுன்சில்களை அமைக்கத் தாமதித்ததால், 2024இல் உச்ச நீதிமன்றமே நாள் குறித்துக் கட்டளையிட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் பத்துத் தொழில்களுக்குப் புதிய பாடத்திட்டங்கள் வெளியிடப்பட்டன. உணவியலும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் சர்வகலாசாலை மானியக் கமிஷன், இக்கல்வியைத் தபால் வழியாகவும் இணைய வழியாகவும் நடத்தலாகாது என்று தடுத்தது. நோயாளியைப் பாராமலே பத்தியம் கற்பிக்கும் விந்தைக்கு முடிவு கட்டிய இச்செயலை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. வேறொரு கதவைத் திறக்கவேண்டும். தபால் வழிக் கல்வியை நாடியவர் யாவரும் சோம்பேறிகளல்லர். தூரத்து ஊர்க்காரரும், குழந்தை பெற்ற தாய்மாரும், பகலில் வேலைபார்த்து இரவில் படிப்போரும் அதில் உண்டு. ஆஸ்பத்திரிப் பயிற்சி கட்டாயம் என்று விதிக்கும் அரசாங்கம், அப்பயிற்சி ஏழைக்கும் எட்டும்படி செய்ய வேண்டிய கடமையையும் கூடவே ஏற்றுக்கொள்கின்றது.

எட்டுகின்றதா? சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் பெற்ற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். பயிற்சி தரும் பெரிய ஆஸ்பத்திரிகளில் மிகுதியானவை சென்னை, கோயமுத்தூர், மதுரை முதலிய நகரங்களில் இருக்கின்றன. அங்கே பல தனியார் ஆஸ்பத்திரிகள் பயிற்சி பெறுவோருக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை. சில, பயிற்சிக்கென்று கட்டணமே வாங்குகின்றன. விடுதி வாடகை, சாப்பாடு, பஸ் செலவு யாவும் அவளுடையது. காலை ஏழு மணிக்கு வார்டுக்குச் சென்று, நோயாளிகளின் உணவுக் குறிப்பெழுதி, சமையற்கட்டில் தட்டுகளைச் சரிபார்த்து, மாலைவரை உழைக்கின்றாள். தந்தை ஆட்டையோ நகையையோ விற்று ஆறு மாதம் பணம் அனுப்பவேண்டும். முடியாவிட்டால், அவள் பட்டத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வேறு வேலை தேடுவாள். பிறருக்கு ஊட்டச்சத்து அளந்து கொடுக்கப் பழகும் பெண், தான் ஒருவேளை டீயும் பன்னும் தின்று நாளைக் கழிக்கும் நிலையை நாம் உண்டாக்கலாமா? வசதியுள்ளவர் மட்டுமே புகக்கூடிய தொழிலாக இது மாறுமானால், வசதியற்றவனின் சமையற்கட்டை அறிந்தவர் அதில் இருக்கமாட்டார்.

இது வெறும் இரக்கப் பேச்சன்று. நோயாளியின் நன்மையும் இதில் அடங்கியிருக்கின்றது. இன்று பல நீரிழிவு நோயாளிகளின் கையில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாள் கொடுக்கப்படுகின்றது. அதில் ஓட்ஸும், ஆலிவ் எண்ணெயும், அவர் கண்டிராத காய்களும் இருக்கின்றன. அவர் வீட்டில் இருப்பது ரேஷன் அரிசி, கேழ்வரகு, முருங்கைக்கீரை, வாரம் ஒருநாள் கருவாடு. கேழ்வரகுக் களி என்றால் எத்தனை உருண்டை, எந்தக் கரண்டியால் எத்தனை கரண்டிச் சோறு, பழைய சோற்றை என்ன செய்வது என்று அவருடைய மொழியில் சொல்லக்கூடியவள், அவ்வீட்டை ஒத்த வீட்டிலிருந்து வந்தவளே. நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ரொட்டியும் பாலும், சோறும் முட்டையும் பெறுவோர் ஏழைகள். ஏழைகளின் பிள்ளைகளை அவர்களுக்குச் சேவை செய்யப் பழக்குவது நியாயமும் விவேகமும் ஆகும்.

மறுப்புக் கூறுவோரும் உண்டு. அவர்கள் கூற்றையும் ஆராய்வோம். பயிற்சி பெறுவோர் கற்கத்தானே வருகின்றார்கள், அவர்களுக்கு ஏன் பணம் கொடுக்கவேண்டும் என்கின்றனர் சிலர். வைத்தியப் படிப்பு முடித்த ஹவுஸ் சர்ஜனும் கற்கத்தான் வருகின்றார். அவருக்கு உதவித்தொகை உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி தொழிற்சாலையில் பழகும் இளைஞனுக்கும் உதவித்தொகை உண்டு. ரம்பம் பிடிக்கப் பழகுவோனுக்கு இருக்கும் உரிமை, உயிர் காக்கப் பழகுவோளுக்கு ஏன் இல்லை? செய்வோர் பெரும்பாலும் பெண்கள் என்பதாலும், அது சமையலைச் சார்ந்தது என்பதாலும், வீட்டில் கூலியின்றிச் செய்யும் வேலையை ஆஸ்பத்திரியிலும் கூலியின்றிச் செய்யட்டும் என்று நம்மையறியாமலே எண்ணிவிடுகின்றோமோ என்று நாம் ஐயுறுகின்றோம்.

வைத்தியரே உணவையும் சொல்லிவிடலாமே, தனியாள் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. நூற்றுக்கணக்கான வெளிநோயாளிகளை ஒரு காலைப்பொழுதில் பார்க்கும் வைத்தியர், சர்க்கரையைக் குறை, உப்பைக் குறை என்பதற்குமேல் சொல்ல நேரமேது? அன்றியும், உணவியலிலும் அறிவு மாறிக்கொண்டே வருகின்றது. கல்லீரல் சுருங்கிய நோயாளிக்குப் புரதம் ஆகாது என்று ஒருகாலத்தில் தடுத்தார்கள். இன்று, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குமேல் புரதம் வேண்டும், படுக்குமுன் சிற்றுணவும் வேண்டும் என்கின்றார்கள். இப்பழைய தடையை இன்னும் பிடித்துக்கொண்டு நோயாளியை மெலியவைப்போர் இல்லாமற்போகவில்லை. இதையே தொழிலாகக் கொண்டு படித்துவருபவர் வைத்தியருக்குப் போட்டியல்லர், துணை.

பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் மூலையில் உட்காரவைத்துப் பாரம் நிரப்பச் சொல்கின்றார்களே, இதற்கா இத்தனை ஆரவாரம் என்று கேட்போரும் உண்டு. இக்கேள்வியில் நியாயம் இருக்கின்றது. கற்பிப்போர் இல்லாத இடத்தில் பயிற்சி வெறும் சான்றிதழாகிவிடும். சில ஆஸ்பத்திரிகள், சம்பளம் கொடுத்து வைக்கவேண்டிய உணவியல் நிபுணரை வைக்காமல், மாறிமாறி வரும் பயிற்சிப் பெண்களைக் கொண்டே வேலையை ஓட்டிவிடும் அபாயமும் உண்டு. அங்கே கற்பவளும் ஏமாறுகின்றாள், நோயாளியும் ஏமாறுகின்றான். ஆகவே பயிற்சி வேண்டும் என்று கேட்பதோடு, எத்தகைய பயிற்சி என்பதையும் வரையறுத்தல் அவசியமாகின்றது.

ஆதலின் நாம் வற்புறுத்துவன இவை. முதலாவது, தமிழ்நாட்டிலுள்ள ஒவ்வொரு அரசாங்க மருத்துவக் கலாசாலை ஆஸ்பத்திரியும் உணவியல் பயிற்சி நிலையமாதல் வேண்டும். கட்டில்களும் நோயாளிகளும் சமையற்கட்டும் அங்கே இருக்கின்றன; வேண்டுவது மேற்பார்வையாளர். நிரந்தரச் சம்பளத்தில் தேர்ந்த உணவியல் நிபுணர்களை அங்கே நியமித்து, ஒருவரின் கீழ் சிலருக்குமேல் பழகலாகாது என்று விதிக்கவேண்டும். இரண்டாவது, அரசாங்க ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை கட்டாயமாக்கப்படவேண்டும். கட்டணம் வாங்குவது தடுக்கப்படவேண்டும். வெளியூர்ப் பெண்களுக்கு விடுதி வேண்டும். நர்ஸுகளுக்கு விடுதி கட்டத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது புதுமையன்று.

மூன்றாவது, பயிற்சி ஒரே வார்டில் முடங்காமல், நீரிழிவு, சிறுநீரகம், புற்றுநோய், பிரசவம், குழந்தைகள், தீவிர சிகிச்சை ஆகிய பகுதிகளைச் சுற்றிவரவேண்டும். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் சில வாரங்களும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வாரங்களும் கட்டாயமாகவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் செல்லும் ஊழியருடன் ஒருமாதம் நடந்தால், பத்தியத் தாளில் எதை எழுதலாகாது என்பதை ஒருவர் நன்கறிவார். நான்காவது, பயிற்சியின் முடிவில் கைகாட்டும் பரீட்சை வேண்டும்: நோயாளியிடம் முதல்நாள் உண்டதை விசாரித்து அளவிடுதல், குழாய் உணவைக் கணக்கிடுதல், தமிழில் தெளிவாக அறிவுரை கூறுதல். ஐந்தாவது, பயிற்சி முடித்தோருக்கு வேலை வேண்டும். வேலையில்லாத தொழிலுக்கு எத்தனை நல்ல பயிற்சி கொடுத்தும் பயன் யாது? இத்தனை கட்டிலுக்கு ஓர் உணவியல் நிபுணர் என்று விகிதம் நிர்ணயித்து, ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரிவரை பதவிகளைப் படிப்படியாக உண்டாக்கவேண்டும்.

செலவு என்பார்கள். மதிய உணவை 1956இல் காமராஜர் பள்ளிகளில் பரப்பியபோதும் செலவென்று சொன்னவர்கள் இருந்தார்கள். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தபோதும் இருந்தார்கள். அச்செலவு வீணாயிற்று என்று சொல்ல இன்று ஒருவரும் முன்வரார். பள்ளிக் குழந்தையின் தட்டில் தர்மத்தைக் கண்ட நாடு இது. நோயாளியின் தட்டிலும் அதைக் காணவேண்டும். உணவு தவறியதால் ஆறாத ஆபரேஷன் காயமும், கட்டுப்படாத சர்க்கரையால் துண்டிக்கப்படும் காலும், மீண்டும் மீண்டும் வந்து படுக்கும் சிறுநீரக நோயாளியும் பொக்கிஷத்துக்கு எவ்வளவு செலவு வைக்கின்றன என்று கணக்கிட்டால், சில நூறு பெண்களுக்கு மாத உதவித்தொகை கொடுப்பது மலைப்பாகத் தோன்றாது.

இத்துறையில் பயிலும் மாணவ மாணவியருக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எடை குறைக்கும் மாயப் பொடிகளும், ஒரே வாரத்தில் மெலிவிக்கும் பட்டியல்களும் இன்று கைப்பேசி வழியே வீடுகளுக்குள் புகுகின்றன. சிறிது பேச்சும் அழகிய படமும் இருந்தால், பயிற்சியின்றியே ஆயிரம் பேருக்கு ஆலோசனை சொல்லிப் பணம் சேர்க்கலாம் என்னும் ஆசை உங்களுக்கும் எழலாம். அவ்வழியை நாடாதீர்கள். தட்டைத் தள்ளிவைத்த ஒரு கிழவரைக் கேட்டுக் கேட்டு, அவருக்குப் பல்லில்லை என்பதைக் கண்டுபிடித்து, சோற்றைக் குழைத்து இரசம் ஊற்றிக் கொடுத்து உண்ணச் செய்வதில் உள்ள வெற்றி, ஆயிரம் பேரின் புகழ்ச்சிக்குக் குறைந்ததன்று. அவ்வெற்றியைப் பயிற்சிக் காலத்திலே ஒருமுறை கண்டவர் தொழிலைக் கைவிடமாட்டார்.

சட்டம் வந்துவிட்டது, பாடத்திட்டம் வந்துவிட்டது, தபால் வழிக் கதவும் சாத்தப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, கட்டிலருகே ஓர் ஆசிரியரும், கற்பவள் கையில் மாதம் ஒரு தொகையும், கற்றபின் ஒரு பதவியும். இம்மூன்றையும் தருவது நமது அரசாங்கத்தின் சக்திக்கு அப்பாற்பட்டதன்று. பசியோடு படுத்திருக்கும் நோயாளியும், பட்டத்தோடு வீட்டிலிருக்கும் பெண்ணும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்கின்றார்கள். அவ்விருவரையும் ஒரே வார்டில் சந்திக்கச் செய்யுமாறு சுகாதார மந்திரியையும், சர்வகலாசாலைகளின் துணைவேந்தர்களையும், ஆஸ்பத்திரித் தலைவர்களையும் நாம் கேட்டுக்கொள்கின்றோம்.